மெஷ் வைஃபையில் மூன்றாவது யூனிட்: கேபிள் கொடுத்ததும் குழப்பம் கூடுகிறது

மாடிவீட்டுக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு யூனிட்டுகள் கொண்ட மெஷ் வைஃபை (பல யூனிட்டுகள் சேர்ந்து வீடு முழுவதும் ஒரே வைஃபையைப் பரப்பும் அமைப்பு) சில ஆண்டுகளாகத் தொல்லையின்றி ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தள ஹாலில் டிவி அலமாரியின் மேல்தட்டில் இணைய நிறுவனத்தார் பொருத்திய ஃபைபர் மோடமும், அதனருகிலேயே மெஷ்ஷின் முதன்மை யூனிட்டும் இருக்கின்றன. இரண்டாவது யூனிட் முதல் மாடியில், படிக்கட்டை ஒட்டிய சுவரில் இருக்கிறது. அண்மையில் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினோம். என் மகள் அங்கிருந்துதான் அலுவலக வேலை பார்க்கிறாள் என்பதால், அதே நிறுவனத்தின் சற்றுப் புதிய மாடல் ஒன்றை வாங்கி மூன்றாவது யூனிட்டாகச் சேர்க்க முற்பட்டேன். எங்களுடையது 300 எம்பிபிஎஸ் திட்டம்.

மேல் அறையில் வைத்துச் சேர்க்கப் பார்த்தபோது, மெஷ்ஷின் கைபேசிச் செயலி அந்த யூனிட்டைக் கண்டுகொண்டது. ஆனால் இணைப்பைச் சோதிக்கும் கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. கீழே கொண்டுவந்து முதன்மை யூனிட்டின் பக்கத்தில் வைத்துச் செய்தபோது உடனே சேர்ந்து, விளக்கும் பச்சையானது. மறுபடி மேலே எடுத்துச் சென்று வைத்தால் சிறிது நேரத்தில் சிவப்பாகிவிடுகிறது. பச்சையாகவே நிற்கும் வேளைகளிலும் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை.

அறை கட்டும்போதே எலக்ட்ரீஷியன் மேல் அறையிலிருந்து ஹால் அலமாரி வரை ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, இரு முனையிலும் கனெக்டர் போட்டு வைத்திருந்தார். அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று புதிய யூனிட்டில் செருகியபின் நிலைமை இன்னும் விசித்திரமாகிவிட்டது. மேல் அறையில் இணையம் வருகிறது. ஆனால் செயலியில் அந்த யூனிட் சில நேரம் ஆஃப்லைன் என்றும், சில நேரம் வயர்லெஸ் வழியாக இணைந்திருப்பதாகவும் காட்டுகிறது. மேல் அறை மடிக்கணினிக்குக் கீழே உள்ள பிரிண்டர் தெரிவதில்லை. அதைவிடக் கவலை தருவது, இதுவரை ஒழுங்காக இருந்த கீழ்த்தளக் கைபேசிகளில் ஒன்றிரண்டுக்கும் பிரிண்டர் காணாமல் போவதுதான். கேபிளைக் கழற்றிவிட்டு அந்தக் கைபேசிகளில் வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. கடைக்காரர், யூனிட் பழுதாக இருக்கலாம், மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றுவதற்கு முன் நான் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

கம்பிவடம்:

ஐயா, யூனிட்டை மாற்ற அவசரப்பட வேண்டாம். முதன்மை யூனிட்டின் பக்கத்தில் வைத்தபோது சேர்ந்து, பச்சை விளக்கும் எரிந்தது என்றால் அதன் ரேடியோவில் பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று விவரங்களை மட்டும் தாருங்கள். மெஷ்ஷின் முதன்மை யூனிட், கருவிகளுக்குத் தானே முகவரி வழங்கும் ரௌட்டர் மோடில் இருக்கிறதா, அந்த வேலையை மோடத்துக்கு விட்டுவிடும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் இருக்கிறதா? மேலிருந்து வரும் கேட் 6 கேபிளின் கீழ் முனை எந்தப் பெட்டியின் எந்தப் போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது? மேல் அறையில் கேபிள் செருகிய நிலையில், மடிக்கணினிக்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரி என்ன, கீழே பிரிண்டரின் ஐபி முகவரி என்ன? இந்த மூன்றும் தெரிந்தால் மீதியை ஊகிக்க வேண்டியதில்லை.

அலைவரிசை:

கேபிள் விஷயத்தைக் கம்பிவடம் பார்த்துக்கொள்ளட்டும். கேபிள் இல்லாமல் மேல் அறையில் ஏன் நிற்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

மெஷ்ஷில் துணை யூனிட் தன் சொந்த இணையத்தைக் கொடுப்பதில்லை. முன்னால் உள்ள யூனிட்டிலிருந்து வாங்கித்தான் கொடுக்கிறது. ஆகவே அதை வைக்கவேண்டிய இடம் சிக்னல் இல்லாத அறை அன்று, சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற கடைசி இடம். உங்கள் மேல் அறைக்கும் முதல் மாடி யூனிட்டுக்கும் இடையே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று இருக்கிறது. கீழ்த்தள முதன்மை யூனிட்டுக்கோ இரண்டு தளங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இத்தகைய தளத்தைத் தாண்டும்போது வெகுவாகத் தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அந்தக் குறுகிய பட்டையில்தான் நெரிசலாக நிற்கின்றன. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். உங்கள் யூனிட் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்க முடியாமல் 2.4க்கு இறங்கியிருக்கும், அதனால்தான் அந்த 10 எம்பிபிஎஸ்.

கைபேசியில் வைஃபை சிக்னலை டிபிஎம் கணக்கில் (சிக்னலின் திறனை அளக்கும் அலகு) காட்டும் இலவசச் செயலி ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு, புதிய யூனிட்டை அணைத்துவிட்டு, அது இருக்கவேண்டிய இடத்தில் நின்று பாருங்கள். மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல எண், அதாவது மைனஸ் 60, மைனஸ் 55 என்று வந்தால் அங்கே யூனிட் வைக்கலாம். மைனஸ் 75க்குக் கீழே போனால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய யூனிட்டாக இருந்தாலும் தடுமாறத்தான் செய்யும். இந்தக் கணக்கில் 3 டிபி குறைந்தால் சிக்னலின் திறன் பாதியாகிறது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வைத்தால், மைனஸ் 67க்கும் மைனஸ் 77க்கும் உள்ள தூரம் பார்வைக்குச் சிறிதாயினும் உண்மையில் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

படிக்கட்டு வழியாக மொட்டை மாடிக்குப் போகும் இடத்தில் இரும்புக் கதவு இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கும் பகலில் இணையம் ஓடி, இரவில் கதவைச் சாத்தியதும் நிற்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அறையை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் பின்னால் யூனிட்டை வைக்கக்கூடாது. தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. உங்களுடையது இரண்டு பட்டை மட்டும் உள்ள வகையாக இருந்தால், நடு யூனிட் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவால்தான் முன்யூனிட்டிடம் வாங்கவும், அடுத்த யூனிட்டுக்குக் கொடுக்கவும் வேண்டும். வாங்கும் நேரத்தில் கொடுக்க முடியாது என்பதால் யூனிட்டிலிருந்து யூனிட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். யூனிட்டுகளுக்கிடையே பேசுவதற்கென்றே தனி ரேடியோ உள்ள மூன்று பட்டை வகையில் இந்த இழப்பு பெருமளவு குறையும். எப்படியிருந்தாலும், கேபிள் இழுத்து வைத்திருக்கிற வீட்டில் வயர்லெஸ்ஸோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை என்பது என் கருத்து.

மாடிவீட்டுக்காரர்:

இருவருக்கும் நன்றி. கேட்ட விவரங்கள் இதோ. முதன்மை யூனிட் ரௌட்டர் மோடில் இருப்பதாகச் செயலி சொல்கிறது. கேட் 6 கேபிளின் கீழ் முனையை எலக்ட்ரீஷியன் ஃபைபர் மோடத்தின் இரண்டாவது லேன் போர்ட்டில் செருகியிருக்கிறார். முதல் லேன் போர்ட்டிலிருந்து முதன்மை யூனிட்டுக்கு ஒரு சிறிய கேபிள் போகிறது. மேல் அறை மடிக்கணினியின் முகவரி 192.168.1.7. பிரிண்டரின் முகவரி 192.168.68.52. இரும்புக் கதவும் இருக்கிறது, அது பெரும்பாலும் சாத்தியே இருக்கும். மோடத்திலிருந்துதானே இணையம் வருகிறது, அதில் நேராகக் கொடுத்தால் வேகம் கூடத்தானே வேண்டும் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

கம்பிவடம்:

நினைத்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது ஒன்றுக்கு இரண்டு ரௌட்டர்கள் வேலை செய்கின்றன. ஃபைபர் மோடமே ஒரு ரௌட்டர், அது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகிறது. அதன் லேன் போர்ட்டிலிருந்து முகவரி வாங்கிக்கொண்டு, தனக்குப் பின்னால் 192.168.68 என்று தொடங்கும் தனி நெட்வொர்க்கை நடத்துவது உங்கள் முதன்மை யூனிட். பிரிண்டர், டிவி, கைபேசிகள் எல்லாம் இந்த இரண்டாவது நெட்வொர்க்கில் இருக்கின்றன. முதன்மை யூனிட் இரண்டுக்கும் நடுவே வாசற்கதவாக நிற்கிறது.

புதிய யூனிட் வந்து சேரவேண்டியது அந்தக் கதவுக்கு உள்ளே. ஆனால் கேபிள் மோடத்தில் செருகியிருப்பதால் அது கதவுக்கு வெளியே நிற்கிறது. துணை யூனிட் தானாக முகவரி எதையும் வழங்குவதில்லை, கேபிளில் வருவதை அப்படியே வைஃபையில் விடுகிறது. அதனால்தான் மேல் மடிக்கணினிக்கு மோடமே நேராக 192.168.1.7 என்று கொடுத்துவிட்டது. இணையம் கிடைக்கிறது, பிரிண்டர் கிடைப்பதில்லை, ஏனென்றால் அது வேறு நெட்வொர்க்கில், கதவுக்கு அந்தப்புறம் இருக்கிறது.

கீழ்த்தளக் கைபேசிகளும் ஏன் குழம்பின என்றால், புதிய யூனிட் கேபிள் வழியாக மோடத்தோடும், வயர்லெஸ் வழியாக மெஷ்ஷோடும் ஒரே நேரத்தில் தொடுத்துக்கொண்டபோது, இரண்டு நெட்வொர்க்குகளுக்கும் அது பாலமாகிவிட்டது. உடனே ஒரே வலையில் முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை இரண்டு ஆகிவிடுகிறது. ஒரு கைபேசி முகவரி கேட்டால் எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் முகவரி அதற்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பழுது ஒரு சாதனத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாவுவது போலத் தோன்றும், ரீசெட் செய்தால் சரியானது போலவும் தோன்றும். செயலியில் ஆஃப்லைன், வயர்லெஸ் என்று மாறி மாறிக் காட்டியதும் இதனால்தான். கடைக்காரர் மாற்றித் தரும் அடுத்த யூனிட்டும் இதையேதான் செய்யும்.

மோடத்தில் நேராகக் கொடுத்தால் வேகம் கூடும் என்ற ஊகம் இயல்பானதே. ஆனால் 300 எம்பிபிஎஸ் திட்டத்திற்கு முதன்மை யூனிட் வழியாக வருவதால் நீங்கள் உணரும்படி எதுவும் குறையாது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். கேட் 6 கேபிளின் கீழ் முனையை மோடத்திலிருந்து எடுத்து, முதன்மை யூனிட்டில் மீதமிருக்கும் ஈத்தர்நெட் போர்ட்டில் செருகுங்கள். போர்ட் மீதமில்லையென்றால் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி முதன்மை யூனிட்டுக்குப் பின்னால் போடுங்கள். மோடத்துக்கும் முதன்மை யூனிட்டுக்கும் நடுவில் போட்டால் மறுபடியும் பழைய கதைதான். அதற்குமுன் செயலியிலிருந்து புதிய யூனிட்டை நீக்கிவிட்டு, அதன் ரீசெட் துளையில் ஊசியை விட்டு அழுத்தி, தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி முதன்மை யூனிட்டின் பக்கத்தில் வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று யூனிட்டிலும் ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருளை) புதுப்பித்தபின் மேலே கொண்டுபோய்க் கேபிளைச் செருகுங்கள். வீட்டில் உள்ள கருவிகளை ஒருமுறை அணைத்துப் போட்டால் தவறாக ஒட்டிக்கொண்ட முகவரிகளும் போய்விடும்.

சேர்க்கும்போது கைபேசியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். செயலி கேட்கும் இருப்பிட அனுமதியையும் புளூடூத் அனுமதியையும் கொடுத்துவிடுங்கள். அனுமதி மறுக்கப்பட்ட கைபேசியில் செயலி யூனிட்டைத் தேடிக்கொண்டே இருக்கும், காரணம் சொல்லாது.

பின்கட்டு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். முதன்மை யூனிட்டை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிட்டால், கேபிள் மோடத்திலேயே இருக்கலாம் அல்லவா? எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

கம்பிவடம்:

இருக்கலாம், தவறே இல்லை. ஆக்சஸ் பாயின்ட் மோடில் மெஷ் முகவரி வழங்குவதை விட்டுவிடும், மோடம் ஒன்றே ரௌட்டராக இருக்கும், எந்த யூனிட்டை எங்கே செருகினாலும் எல்லாம் ஒரே நெட்வொர்க்தான். இரட்டை ரௌட்டர் இருப்பதால் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பதிலும், சில விளையாட்டுகளிலும் வரும் சிக்கல்களும் தீரும். ஆனால் பல மெஷ் செயலிகளில், பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று சொல்வது போன்ற வசதிகள் ரௌட்டர் மோடில் மட்டுமே கிடைக்கும். இணைய நிறுவனம் கொடுத்த மோடம் நிறையக் கருவிகளைத் தாங்காமல் திணறும் வகையாக இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். மாறாக மோடத்தை, ரௌட்டர் வேலையை விட்டு இணையத்தை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடில் போட்டு, மெஷ்ஷையே முழு ரௌட்டராக்குவது மூன்றாவது வழி. அதற்கு இணைய நிறுவனத்திடமிருந்து, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படலாம்; தொலைபேசி இணைப்பும் அதே மோடத்தில் இருந்தால் அது வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இவருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பதால் கேபிளை இடம் மாற்றச் சொன்னேன்.

எந்த வழியாயினும், மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். அதுவும் மெஷ்ஷும் ஒரே பெயரில் ஓடினால், கைபேசி எதில் நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

மாடிவீட்டுக்காரர்:

சொன்னபடியே செய்தேன். முதன்மை யூனிட்டில் ஒரு போர்ட் மீதமிருந்தது. இப்போது செயலியில் மூன்றாவது யூனிட்டுக்கு ஈத்தர்நெட் என்று காட்டுகிறது, மேல் மடிக்கணினிக்கு 192.168.68.60 கிடைத்திருக்கிறது, பிரிண்டரும் தெரிகிறது. மகள் காலை முழுவதும் வீடியோ கூட்டத்தில் இருந்தாள், ஒருமுறையும் அறுபடவில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. கீழே வேகச் சோதனையில் 300க்கு அருகில் வருகிறது. மேல் அறையில் எத்தனை முறை பார்த்தாலும் 94 அல்லது 93 என்றே நிற்கிறது, கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இது வைஃபையின் இயல்பா?

கம்பிவடம்:

வைஃபையாக இருந்தால் எண் ஏறி இறங்கும். 94இல் அசையாமல் நிற்பது, கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருப்பதன் அடையாளம். அந்த இணைப்பில், தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற தலைப்புச் சுமையெல்லாம் போக நம் கைக்கு வருவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கனெக்டரின் 1, 2, 3, 6ஆம் ஊசிகள். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8ஆம் ஊசிகளில், அதாவது நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி கனெக்டரின் முனைவரை போய்ச் சேராமல் இருந்தாலும், இரு கருவிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிள் நீளம் 100 மீட்டருக்குள் இருந்தால் கேட் 6இன் மேல் பழி இல்லை. இரு முனைக் கனெக்டர்களையும் வெளிச்சத்தில் பிடித்து, ஒளி ஊடுருவும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் எட்டுக் கம்பிகளின் செம்பு முனைகளும் ஒரே வரிசையில் முட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்பது நம் ஊரில் பெரும்பாலோர் போடும் வரிசை. பச்சை ஜோடி நீல ஜோடியின் இருபுறமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். நிற ஜோடிகளை அடுத்தடுத்து அழகாக அடுக்கிவிடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அலைவரிசை:

கூடவே, அந்தக் கேபிள் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள். கரண்ட் ஒயர் போகும் அதே குழாயில் இழுத்திருந்தால் தனிக் குழாய்க்கு மாற்றுவது நல்லது. இது வேகத்தைவிடப் பாதுகாப்பைப் பற்றிய விஷயம். வெளிச்சுவரில் தொங்கவிட்டு மொட்டை மாடிக்கு ஏற்றியிருந்தால், இடி மின்னல் காலத்தில் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே போர்ட்டுகள் கருகும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது இரு முனைகளையும் கழற்றி வைப்பது எளிய வழி.

பின்கட்டு:

மின்வெட்டையும் சொல்லிவிடுகிறேன். மோடமும் முதன்மை யூனிட்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்து, மேல் அறை மட்டும் இல்லையென்றால் கரண்ட் போகும்போது மகளின் கூட்டம் மட்டும் அறுபடும். மேல் அறையின் அந்த ஒரு பிளக் பாயின்ட்டையாவது இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். யூனிட் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம்.

மாடிவீட்டுக்காரர்:

மேல் முனைக் கனெக்டரில் பழுப்புக் கம்பி பாதியிலேயே நின்றிருந்தது. கேபிள் வேலை செய்யும் ஒருவரை அழைத்து வெட்டிப் புதிதாகப் போட்டபின் மேல் அறையில் 280க்கு மேல் வருகிறது. கேபிள் தனிக் குழாயில்தான் போகிறது, வெளிச்சுவரில் இல்லை. இன்வெர்ட்டர் வேலையை எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: என் கைபேசியோடு மேலே ஏறிப் போனால் அது சிறிது நேரம் முதல் மாடி யூனிட்டையே பிடித்துக்கொண்டு இருக்கிறது. அதை மேல் யூனிட்டுக்கு உடனே மாறச் செய்ய முடியுமா?

அலைவரிசை:

எந்த யூனிட்டைப் பிடிப்பது என்று கடைசியில் முடிவு செய்வது கைபேசிதான், மெஷ் அன்று. 802.11கே, 802.11வி என்ற இரண்டு வசதிகள் வழியாக மெஷ் பக்கத்து யூனிட்டுகளின் பட்டியலைக் கொடுத்து, மாறிக்கொள் என்று பரிந்துரைக்கலாம். கேட்பதும் கேளாததும் கைபேசியைப் பொறுத்தது. செயலியின் மேல்நிலை அமைப்புகளில் ரோமிங் என்ற பெயரில் இவை இருக்கும், இயக்கி வையுங்கள். அதில் விரைவு ரோமிங் என்று தனியாக இருப்பது பெரும்பாலும் 802.11ஆர். அதை இயக்கியபின் பழைய பிரிண்டரோ ஸ்மார்ட் பல்போ இணைய மறுத்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். முதல் மாடி யூனிட் படிக்கட்டுக்கு நேராக இருப்பதால் அதன் சிக்னல் கதவுவரை பலமாக ஏறி வருகிறது; அதைப் படிக்கட்டிலிருந்து உள்ளறைப் பக்கம் தள்ளி வைத்தால் கைபேசி சீக்கிரம் கைவிடும். மேல் யூனிட் கேபிளில் வந்துவிட்டதால், நடு யூனிட்டை இனி மேலறைக்காகப் படிக்கட்டிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை.